தரை ஈரமாக இருந்ததா?

(மூத்த குடிமக்கள் மன்றம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைச் சொன்னபோது செயலாளர் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், ஹார்ட், சுகர்னு ஏதாவது பேசலாமே? கீழ விழுறதப் பத்தி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். என் பெரியம்மாவின் கதையைச் சொன்னால் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். 108 ஆம்புலன்ஸ் கிடையாது. ஊரில் பெரியம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. விடியற்காலை நாலரை மணிக்குக் கொல்லைப்புறக் குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு அண்ணன் ஓடினான், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெரியம்மா வீறிட்டாள். "பயந்துட்டாங்க, சூடா காபி குடுங்க" என்றார் ஒருவர். கொடுத்தார்கள். "காலை நீட்டுங்க, உதறுங்க, சுளுக்குதான்" என்று இன்னொருவர் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். வலது கால் இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்ததையும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து, மேடுபள்ளமான சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு முறிவு. காபி குடித்திருந்ததால் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று அறுவை சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

இதில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. எல்லாமே பாசம். நம் வீடுகளில் விழுந்தவருக்கு நடக்கும் தீங்கில் பாதி இப்படிப் பாசத்தின் கையால் நடப்பதுதான்.

எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க." மருத்துவமனைச் சீட்டிலும் அதையே எழுதினார்கள். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு விழுபவர்கள் ஆண்டுக்கு 3.7 கோடிக்கும் மேல். இறப்பவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களே அதிகம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். இந்த அரங்கில் மூன்று பேருக்கு ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள். கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். கடைசி வரிசையில் இருக்கும் மகன், மருமகள் முன்னால் யாரும் தூக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நம் ஆம்புலன்ஸுக்கு வருவோம். 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வண்டியை ஓட்டுபவரை 'பைலட்' என்கிறோம். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர், சுருக்கமாக இ.எம்.டி. நோயாளியைக் கொண்டுபோகும்போதே கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்டு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு பைசா செலவில்லை. பிரசவ வலியில் துடித்த எத்தனையோ பெண்களையும், சாலையில் அடிபட்டுக் கிடந்த எத்தனையோ பிள்ளைகளையும் இந்த வண்டி காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அது எந்த நோக்கத்தில் அமைக்கப்பட்டது என்று பாருங்கள். வேகமாக வா, ஏற்று, வேகமாகக் கொண்டுபோய்ச் சேர். நெஞ்சுவலிக்கும் ரத்தப்போக்குக்கும் பிரசவத்துக்கும் அதுதான் சரி. வீட்டுக் கூடத்தில் விழுந்து கிடக்கும் எண்பது வயதுக்காரருக்கு அது பாதிதான் சரி. அவருக்கு வேண்டியது வேகம் மட்டுமல்ல. அவருடைய தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து சாவகாசமாக நாலு கேள்வி கேட்க வேண்டும்.

"சாவகாசம்" என்று சொன்னதும் அப்படியே கிடக்கட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெடுநேரம் தரையில் கிடப்பது தனியாக ஒரு ஆபத்து. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ஐசக்ஸும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1981-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடந்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். எலும்பு முறிந்தவர்கள் மட்டுமல்ல, காயமே படாதவர்களும் அதில் இருந்தார்கள்.

ஏன்? உடல் எடை முழுவதும் ஒரே இடத்தில் அழுத்தும்போது அங்கே தசை நசுங்கிச் சிதைகிறது. சிதைந்த தசையிலிருந்து வெளிவரும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் காபி டிகாஷன் நிறத்துக்குப் போகும். தண்ணீர் குடிக்காததால் உடல் வறளும். குளிர்ந்த தரை உடல் சூட்டை உறிஞ்சும். முதுகிலும் குதிகாலிலும் தோல் புண்ணாகும். இது ஒருபுறம். இன்னொரு புறம், அத்தனை நேரம் எழ முடியாமல் கிடந்தார் என்பதே அவர் உடல் ஏற்கெனவே எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

கேம்பிரிட்ஜில் தொண்ணூறு வயதைக் கடந்தவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2008-இல் இன்னோர் ஆய்வு வந்தது. அந்த ஓராண்டில் விழுந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஒரு முறையாவது தானாக எழ முடியாமல் கிடந்திருக்கிறார்கள். அவசர அழைப்புப் பொத்தான் கைவசம் இருந்தும், தனியாக விழுந்தபோது பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை. 'யாருக்கும் தொந்தரவு கொடுக்க வேண்டாம்' என்ற குணம் இருக்கிறதே, அது நமக்கு மட்டும் சொந்தமானதல்ல போலிருக்கிறது.

நம் ஊரில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் இரும்புக் கேட்டைப் பூட்டி, கதவுக்கு மேல்தாழ்ப்பாள் கீழ்த்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். இரவு விழுந்தால் காலையில் பால்காரர் மணி அடிக்கும்போதுதான் தெரியும். பால்காரருக்கும் உள்ளே வர வழியில்லை. 108 வண்டி பதினைந்தாவது நிமிடத்தில் வாசலுக்கு வந்து, பூட்டை உடைக்க ஆள் தேடி நாற்பது நிமிடம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நம்பகமான பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். குளியலறைக் கதவைச் சாத்துங்கள், தாழ் போடாதீர்கள். செல்போனை அலமாரி உச்சியில் சார்ஜில் போடாமல், தரையிலிருந்து கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

சரி, ஒருவர் விழுந்துவிட்டார், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். என்ன செய்வது?

முதல் வேலை: தூக்காதீர்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பேச்சு குழறுகிறதா, வாய் கோணுகிறதா, மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று பாருங்கள். தலையில் அடிபட்டதா, கழுத்து வலிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு கால்களும் ஒரே நீளமாக இருக்கின்றனவா, பாதங்கள் ஒரே மாதிரி நிற்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது சந்தேகம் என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், காபி உட்பட. ஒரு போர்வை போர்த்துங்கள். தெருமுனைக்கு ஒருவரை அனுப்புங்கள். நம் தெருக்களில் கதவிலக்கத்தை நம்பி எந்த வண்டியும் வந்து சேராது. 'பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது சந்து, டிரான்ஸ்பார்மர் எதிரே' என்றால்தான் வரும். சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு வண்டியில் ஏற்றுங்கள். அந்தப் பை ஒரு மருத்துவருக்குச் சொல்லும் கதையை மகனோ மகளோ சொல்ல முடியாது.

வண்டி வந்ததும் இ.எம்.டி. என்ன பார்க்க வேண்டும்? அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, எண்களை நம்பி ஏமாறக் கூடாது. ரத்த அழுத்தம் 110-க்கு 70. இருபது வயதுப் பையனுக்கு இது 'நார்மல்'. வருஷக்கணக்காக 160-இல் பழகிய எழுபத்தைந்து வயது உடம்புக்கு இது உள்ளே எங்கோ ரத்தம் கசிவதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். அமெரிக்காவின் காயப் பராமரிப்பு வழிகாட்டிகள் அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு 110-க்குக் கீழே போனாலே அபாயமாக எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. நாடித்துடிப்பும் அப்படித்தான். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் போடும் சில மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. உடல் அபாயத்தில் இருக்கும், நாடி எழுபதிலேயே நிற்கும்.

இரண்டு, தலையில் அடி. ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இதயத் துடிப்பு சீரில்லாதவர்கள் பலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார்கள். இவர்கள் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் பேசறார்" என்று விட்டுவிடக் கூடாது; ஸ்கேன் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். முதுமையில் மூளை கொஞ்சம் சுருங்குவதால் மண்டைக்குள் இடம் இருக்கும். கசிகிற ரத்தம் மெதுவாகத் தேங்கி, இரண்டு மூன்று வாரம் கழித்து நடை தள்ளாட்டமாகவோ, பேச்சுக் குழப்பமாகவோ வெளியே தெரியும். அதற்குள் விழுந்ததையே வீடு மறந்திருக்கும்.

மூன்று, தூக்கும் விதம். இடுப்பு முறிந்தவரை அக்குளில் தூக்குவது முறிந்த எலும்பின் கூர்முனையைச் சதைக்குள் செருகுவதற்குச் சமம். வண்டியில் ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் இருக்கும். நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் உடலுக்கு அடியில் நுழைந்து, நடுவில் மூடிக்கொள்ளும். ஆளைப் புரட்ட வேண்டியதில்லை. தூக்கும் முன் வலிக்கு மருந்து கொடுக்க முடிந்தால் கொடுக்க வேண்டும். 'வயசானவங்களுக்கு வலி அவ்வளவா தெரியாது' என்று நினைப்பவர்கள் உண்டு. வலி தெரியும். சொல்லத்தான் மாட்டார்கள்.

எந்தக் காயமும் இல்லை, வலியும் இல்லை, எழ மட்டும் முடியவில்லை என்றால்? அப்போதும் இழுக்காதீர்கள், உங்கள் முதுகு போய்விடும். பிரிட்டனில் சில ஆம்புலன்ஸ்களில் காற்றடைக்கும் மெத்தை ஒன்று வைத்திருக்கிறார்கள். சப்பையாக ஆளுக்கு அடியில் வைத்து பம்பை இயக்கினால், உட்கார்ந்த நிலையிலேயே நாற்காலி உயரத்துக்குத் தூக்கிவிடும். நம் வீட்டில் அதற்குப் பதில் இரண்டு நாற்காலி போதும். தலைவர் அனுமதித்தால், இந்த மேடை நாற்காலியை வைத்தே காட்டுகிறேன்.

(மருத்துவர் மேடைத் தரையில் படுத்துச் செய்து காட்டுகிறார்.)

முதலில் ஒருக்களித்துப் படுக்கிறேன். முழங்கையை ஊன்றுகிறேன். தவழும் குழந்தை மாதிரி இரண்டு கை, இரண்டு முழங்கால். நாற்காலி வரை தவழ்கிறேன். கைகளை இருக்கையில் வைக்கிறேன். பலமான காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தைப் பதிக்கிறேன். கைகளை அழுத்தி எழுகிறேன். உதவிக்கு இருப்பவர் இரண்டாவது நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். உட்கார்ந்துவிட்டேன். பார்த்தீர்களா, என்னை யாரும் தூக்கவில்லை. முழங்கால் ஒத்துழைத்தால் இதை வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க, நல்ல நாளிலேயே பழகிவையுங்கள்.

இனிதான் இன்றைய பேச்சின் மையம். இப்படி எழுந்து உட்கார்ந்தவரிடம் வண்டிக்காரர்கள் கேட்பார்கள்: "ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?" "வேண்டாம்ப்பா, ஒண்ணுமில்ல" என்பார். கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டி போய்விடும். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஆபத்தானவர் இவர்தான். இவர் மறுபடி விழுவார்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் இப்படிப்பட்டவர்களை மட்டும் எடுத்து ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள், விழுந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்கள், ஆனால் மருத்துவமனைக்குப் போகாதவர்கள், மொத்தம் 204 பேர். ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதியினரின் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் அடங்கிய குழு போனது. நடையைத் திருத்தியது, மாத்திரைகளைப் பார்த்தது, வீட்டைப் பார்த்தது. ஓராண்டு முடிவில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் ஆளுக்குச் சராசரியாக 7.68 முறை விழுந்திருந்தார்கள். குழு போய்ப் பார்த்தவர்கள் 3.46 முறை. பாதிக்கும் குறைவு. இதற்காக ஒரு புது மருந்தும் கண்டுபிடிக்கவில்லை.

இதனால் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விழுந்தவர்களை இப்படிப்பட்ட குழுவிடம் 'அனுப்பிவைக்கச்' சொன்னாலே போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. அப்படிச் செய்து பார்த்த இன்னொரு பெரிய ஆய்வு, பிரிட்டனின் மூன்று ஆம்புலன்ஸ் சேவைகளில் நடந்து 2017-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள்கூடச் சிலரைத்தான் அனுப்பிவைத்தார்கள். விளைவும் சிறிதாகவே இருந்தது. சீட்டு எழுதுகிற கை இருந்தால் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொண்டு வீடு தேடிப் போகிற கால்களும் வேண்டும்.

அந்தக் கால்கள் நம்மிடம் இருக்கின்றன என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு முதன்முதலாகத் தனிப்பிரிவு தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி, 1978-இல், டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால். 1996-இல் அங்கேயே மேற்படிப்பும் வந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார். முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. வண்டி இருக்கிறது, வீடு தேடி வரும் ஆளும் இருக்கிறார். 'இந்தத் தெருவில் இந்தப் பாட்டி நேற்று விழுந்தார்' என்ற ஒரு வரி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக வேண்டும். அரசிடம் நான் கேட்பது அந்த ஒரு வரிச் சீட்டைத்தான். அது வரும்வரை அந்த வரியை நீங்களே கொண்டுபோங்கள். மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் "போன வாரம் விழுந்துட்டேம்மா" என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி, வழுக்காத செருப்பு, தரையில் மடங்கிக் கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுவது. காலுக்குப் பலமும் சமநிலையும் தரும் உடற்பயிற்சி விழுவதைக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைக்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தூக்க மாத்திரை போடுகிறவர்கள் அது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெரியம்மாவிடம் திரும்பி வருகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். அன்று வீட்டுவேலைக்கு வந்த அக்கா வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நான் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்கள்ல, அந்தத் தரையை மாத்தணும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "வழுக்கியா? அன்னிக்கு நான் வந்து பாத்தேனே தம்பி. தரை காஞ்சுதான் இருந்துச்சு. வாளிகூட காலிதான். யாரும் அதுவரைக்கும் தண்ணியே புழங்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியம்மாவைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன்: 150. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன்: 112. நின்றதும் இருபது குறைந்தாலே குறைபாடு என்று பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதியவன் நான். "தலை சுத்துதா பெரியம்மா?" "எந்திரிச்சா கொஞ்சம் இருட்டிக்கிட்டு வரும். அந்தப் புது மாத்திரை போட்டதுலேருந்து அப்படித்தான்டா. அன்னிக்கு விழுறதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ விழுந்தேன். சொன்னா நீங்க எல்லாம் பயப்படுவீங்கன்னு சொல்லல."

அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை எலும்பைப் பார்த்தது, நன்றாகவே சரிசெய்தது. ஆனால் அங்கே அவள் வந்து சேர்ந்தபோது அவளோடு அந்தத் தரை வரவில்லை. தரையைப் பார்த்தவர்கள் வீட்டுவேலை செய்யும் அக்காவும், தூக்க வந்த நான்கு பேரும்தான். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

இன்று அந்த வீட்டுக்குள் நுழைகிற முதல் மருத்துவக் கண் 108 வண்டியில் வருபவருடையது. எரியாத விளக்கு, கட்டிலின் உயரம், தலைமாட்டில் கிடக்கும் மாத்திரை அட்டை, தரையில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது, இவை எதுவும் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதனால்தான் என்னிடம் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு இ.எம்.டி.யிடமும் சொல்லி அனுப்புகிறேன்: ஸ்ட்ரெச்சரைத் தூக்கும் முன் ஒரு தடவை குனிந்து தரையைத் தொட்டுப் பார், அது ஈரமா காய்ந்ததா என்று சீட்டில் எழுது. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் விழும்போது நீங்களும் தொட்டுப் பாருங்கள்.